மணல்மேல் இட்ட பழி

நமது தமக்கையாரின் புதல்வன் இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் கல்வி பயின்று வருகின்றான்; வயது இருபது. சென்ற கோடையில் நாம் அங்கே சென்று அவனுடன் பத்து நாள் தங்கியிருந்தோம். வாயிற்புறத்தில் போர்வையால் மூடப்பெற்று ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. யமஹா கம்பெனியார் எம்டி-07 எனப் பெயரிட்டு விற்கும் வண்டி, 689 சி.சி. ஒருவர் ஓட்டி விற்றதேயாயினும் அதனைப் பொன்போற் காத்து வந்தான். போர்வையை நீக்கியவன் பெருமை பேசுவானென எதிர்பார்த்தோம். அவனோ குறை கூறத் தொடங்கினான்.

"என்ன பயன், மாமா? இதன் கழுத்தை நெரித்தல்லவா வைத்திருக்கின்றார்கள்!"

அவன் குறை விளங்க அந்நாட்டுச் சட்டத்தைச் சிறிது கூற வேண்டும். பத்தொன்பது வயது நிரம்பிப் பரீட்சைகளில் தேறியவருக்கு அங்கே 'ஏ2' என்னும் லைசென்ஸ் கிடைக்கும். அதனை உடையவர் 35 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 47 குதிரைசக்திக்கு, மேற்பட்ட வண்டியைச் செலுத்தலாகாது. எடையில் ஒரு கிலோவுக்கு 0.2 கிலோவாட்டுக்கு மிகவும் கூடாது. ஆகவே 35 முழுவதையும் விரும்புவோன் 175 கிலோவுக்குக் குறையாத வண்டியைத் தேட வேண்டும். பெரிய வண்டியின் சக்தியைக் குறைத்து ஓட்டவும் இடமுண்டு. ஆயின் அதன் இயற்கைச் சக்தி, குறைத்த சக்தியைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்டிருத்தல் ஆகாது. ஐரோப்பிய நாடுகள் கூடி வகுத்த இவ்விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அக்கூட்டத்தினின்றும் விலகிய பின்னும் பிரிட்டன் இதனைக் கைவிடவில்லை. இரண்டாண்டு கழித்து மறுபடியும் பரீட்சையில் தேறினாலன்றி நம் மருமகனுக்குத் தளை நீங்காது.

கழுத்தை நெரித்தல் என்று அவன் சொன்னது வெறும் அலங்காரமன்று. இயந்திரம் பெட்ரோலை மட்டும் உண்டு உழைப்பதில்லை, காற்றையும் உண்கின்றது. காற்றைக் குறைத்தால் சக்தி குறையும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் நடுவே சிறு துளையுள்ள வளையங்களைச் செருகுவர். வேறு சிலவற்றில் காற்றுவாயில் முழுவதும் திறவாதபடி ஓர் உலோகத் தடையை வைப்பர். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் இயந்திரத்தை ஆளும் கணினிக்கே கட்டளையிட்டுவிடுகின்றனர். மருமகன் வண்டியில் இருந்தது தடை. ஏறக்குறைய 55 கிலோவாட் இருந்த சக்தி அதனால் 35 ஆயிற்று. பட்டறையார் ஒரு சான்றிதழும் எழுதிக் கொடுத்திருந்தனர்.

"கழற்ற அரைமணி நேரம் போதும், மாமா. வெளியே பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது."

தெரிந்தால் என்னவாகுமென வினவினோம். லைசென்ஸுக்கு மிஞ்சிய வண்டியைச் செலுத்திய குற்றம் ஒன்று. இன்ஷூரன்ஸ் செல்லாது போகும் கேடு மற்றொன்று. புதிதாக லைசென்ஸ் பெற்றவர்மீது இரண்டாண்டுக்குள் ஆறு குற்றப்புள்ளிகள் ஏறினால் அந்த லைசென்ஸே பறிபோகுமென 1995-ஆம் ஆண்டுச் சட்டமொன்று கூறுகின்றது. எல்லாம் அவனுக்குத் தெரிந்தேயிருந்தது. எனினும் வாதம் விடவில்லை. அங்கே நெடுஞ்சாலையின் உச்சவரம்பு மணிக்கு 70 மைல். 35 கிலோவாட் வண்டியோ 100 மைலையும் எட்டவல்லது. அவ்வாறாயின் இத்தடை யாரைக் காக்கின்றது என்றான். நியாயமான கேள்வியே! விடை சொல்ல இயலாது நின்றோம். அப்போதுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"வண்டியின் சக்தியால் யார் விழுந்தார்கள்? நீங்கள் விழுந்ததும் மணலால்தானே, மாமா?"

நம் குடும்பத்தில் யாவரும் அறிந்த கதை அது. 2003-ஆம் ஆண்டு கோத்தா திங்கிக்கு அப்பால் ஒரு வளைவில், லாரி சிந்திச் சென்ற மணலிற் சறுக்கி நாம் விழுந்தோம். வலது முழங்கால் இன்றும் முற்றாக மடங்காது. நம் அன்னையார் உயிரோடிருந்தவரை அந்த லாரிக்காரனைச் சபித்தார்.

மணல் இல்லை. லாரியும் இல்லை.

சிங்கப்பூரில் அந்நாளில் நமக்கு இருந்தது 2பி வகுப்பு லைசென்ஸ். 200 சி.சி. வரைதான் ஓட்டலாம். ஓராண்டு சென்று பரீட்சை எழுதினால் 2ஏ. அதில் 400 வரை. மேலும் ஓராண்டு சென்றால் அதற்கும் மேல். (சி.சி. என்பது இயந்திரத்தின் வயிற்றளவேயன்றி வலிமையளவன்று என்பது நமது கட்சி. நம்முடைய ஹோண்டா பேண்டம் 200 சி.சி. கொண்ட சாதுவான பசு. அதே வகுப்பில் அடங்கிய என்எஸ்ஆர் 150 அதனினும் இரு மடங்கு வலியது. மின்சார வண்டிக்கு வயிறே இல்லையாதலால் இப்போது அவற்றுக்கு மட்டும் 15, 25 கிலோவாட் என எல்லை கட்டியிருக்கின்றனர்.) நண்பர் ஒருவரிடம் 400 சி.சி. வண்டி இருந்தது. ஜோகூர்ப் பாலம் கடந்து கோத்தா திங்கி வரை அவரே ஓட்டி வந்தார். அப்பால் செம்பனைத் தோட்டங்களினூடே சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வண்டிகளை மாற்றிக்கொண்டோம்.

நம் பசுவை முறுக்கிப் பழகிய மணிக்கட்டு, இதனையும் அவ்வளவே முறுக்கிற்று. வண்டி பாய்ந்தது. வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. அச்சத்தால் கைப்பிடியை இறுகப் பற்றினோம். இறுகப் பற்றிய கை தானே மேலும் முறுகும் என்பதை அன்றுவரை நாம் அறிந்ததில்லை. நிறுத்த வேண்டிய கணத்தில் முழுச் சக்தியையும் நாமே திறந்துவிட்டோம். வண்டி சாலையை விட்டுக் கால்வாய்க்குள் போயிற்று. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே மணலைக் கற்பித்தாயிற்று. லைசென்ஸில்லாமல் ஓட்டினோம் என்று அன்னையாரிடம் சொல்ல நாவெழவில்லை. பின்னர்ச் சொல்லச் சமயமும் வாய்க்கவில்லை. நண்பர் தம் செலவில் வண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டு வாய்திறவாதிருந்தார்.

அன்று கவன்ட்ரியில், அவ்வாயிற்படியில் அமர்ந்தபடி, இவ்வளவையும் மருமகனிடம் சொன்னோம். இந்தத் தடை இருந்திருந்தாலும் நாம் விழுந்திருக்கக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. மெல்ல முறுக்கும்போது இத்தடை ஒன்றும் செய்யாது. வெருண்ட கை முழுவதும் முறுக்கும் அக்கணத்தில் மட்டுமே இடையிற் புகும்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான்.

இரவு பதினொரு மணிக்குத் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். சிங்கப்பூரில் அப்போது காலை ஆறு மணி. அவர் முழுவதும் கேட்டார். "அந்த லாரிக்காரனை அம்மா எவ்வளவு வைதார்கள், தம்பி!" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. வெளியே சென்று பார்த்தபோது மருமகன் வண்டிக்குப் போர்வை மூடிக்கொண்டிருந்தான். பட்டறைச் சான்றிதழை மடித்து ஆசனத்துக்கு அடியில் வைத்திருந்தான்.