வளைவில் மட்டும் திறக்கும் விரிசல்

கொல்லிமலையில் ஏறும் பழைய கார் இழுக்கத் திணறினால் பழி மலையின் மேல்தான் விழும். "எழுபது கொண்டை ஊசி வளைவு, வண்டிக்கும் வயசாச்சு, பின்ன எப்படி இழுக்கும்?" என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மலையின் மேல்தளம் கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் அதே அளவுக்கு இறங்கும்.

ஆனால் உயரத்தால் குறையும் வலு படிப்படியாகத்தான் குறையும். என் பெட்ரோல் காரோ காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டிய முதல் சில வளைவுகளிலேயே வெட்டி வெட்டி இழுத்தது. அங்கே இருப்பது இன்னும் சமவெளிக் காற்று. அதோடு, திணறல் எப்போதும் ஒரே கணத்தில்தான் வந்தது. முதல் கியரில் வளைவைத் திரும்பி முடித்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் மூச்சுவிட மறந்ததுபோல் ஒரு நொடி நிற்கும், பிறகு பாயும். நேரான ஏற்றத்தில் அந்தத் தொல்லை இல்லை. சமவெளியில் நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வரை அது எட்டிப்பார்க்கவே இல்லை. மலைதான் காரணமென்றால் வளைவுக்கு வளைவு இந்தக் கணக்கு ஏன்? என் தேடல் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

செம்மேட்டில் ஒரு சின்னப் பட்டறை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், பெட்ரோல் வரத்தைப் பார்த்தோம், குறை இல்லை. ஐடிலில் எஞ்சின் சீராக ஓடியது. பட்டறைத் தம்பி கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். "நிக்கிற வண்டியில இது தெரியாதுங்கண்ணா. வளைவுல எஞ்சின் எப்படிச் சாயுதோ அப்படிச் சாய்ச்சுப் பார்க்கணும்" என்றார். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கட்டையைக் கொடுத்து மெல்ல நெம்பினார். எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே இருக்கும் கறுப்பு ஏர் ஹோஸின் மடிப்பில், அடிப்பக்கமாக, விரல் நுழையும் அளவுக்கு ஒரு வாய் திறந்தது. கட்டையை எடுத்ததும் மூடிக்கொண்டது. ஹோஸைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்து வளைத்தபோது வெளிச்சம் அந்தப் பிளவு வழியாக அப்படியே வெளியே விழுந்தது. இத்தனை நாளும் மேலிருந்து பார்த்த எவர் கண்ணிலும் அது படவில்லை. படவும் படாது. இந்த ஹோஸ் பெரும்பாலும் மடிப்பின் பள்ளத்தில், கீழ்ப்பக்கத்தில்தான் கிழியும்.

ஒரு கிழிசல் எஞ்சினை எப்படித் திணறடிக்கிறது? என் காரில் ஃபில்டர் பெட்டியை ஒட்டி ஒரு ஏர் ஃப்ளோ சென்சார் உண்டு. உள்ளே போகும் காற்றை அது அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதற்கேற்ப இன்ஜெக்டர் பெட்ரோலைத் தூவும். சென்சாருக்குப் பின்னால் ஹோஸ் கிழிந்திருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்துவிடும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதுதான் அந்த ஒரு நொடித் திணறல். நிறைய கார்களில் இந்த வகைச் சென்சார் இருக்காது. த்ராட்டிலுக்கு அப்பால் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருக்கும். அந்த வண்டிகளில் ஹோஸ் கிழிந்தாலும் ஓட்டத்தில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அதுதான் ஆபத்து. ஃபில்டர் வழியாக வராத காற்றோடு புழுதியும் போகும். மண்ணில் இருக்கும் சிலிக்கா துகள் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைத்துக்கொண்டே இருக்கும். புகை வந்து ஆயில் குறையும்போதுதான் உரிமையாளருக்குத் தெரியும். அதற்குள் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் நிலை வந்திருக்கும். மலையிலிருந்து அன்னாசியும் மிளகும் ஏற்றிவரும் டர்போ டீசல் வண்டிகளில் கதை வேறு. டர்போவுக்கு முன்னால் கிழிந்தால் புழுதி அதன் இறக்கைகளைத் தின்னும். பின்னால் கிழிந்தால் 'உஸ்' என்று காற்று வெளியேறி, ஏற்றத்தில் கரும்புகை தள்ளும்.

சரி, இப்படி ஒரு பலவீனமான குழாயை ஏன் நடுவில் வைத்தார்கள்? கார்புரேட்டர் காலத்துக் கார்களில் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் கார்புரேட்டரோடு சேர்ந்து எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் ஆடினால் அதுவும் கூடவே ஆடும். நடுவில் இழுபட ஒன்றும் இல்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-ல் ஃபோக்ஸ்வேகன் காரில் கொண்டுவந்த எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளந்தது. 1970-களில் அதே நிறுவனம் காற்றோட்டத்தையே அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஃபில்டர் பெட்டியும் அளவுகருவியும் எஞ்சினை விட்டு இறங்கி வண்டியின் உடம்போடு போல்ட் போடப்பட்டன. நம் ஊருக்கு இது பரவலாக வந்தது புகை விதிகளால். அந்த விதிகளுக்கு உட்பட டெல்லி வட்டாரத்துக்கு உச்ச நீதிமன்றம் 1999-ல் கெடு விதித்தது. 2000-ல் நாடு முழுவதும் யூரோ 1-க்கு இணையான விதி வந்தது. அதையொட்டித்தான் கார்புரேட்டர் நம் சாலைகளிலிருந்து மறையத் தொடங்கியது.

உடம்பு அசையாது, எஞ்சினோ ரப்பர் மவுண்டில் தொங்கிக்கொண்டு ஆடும். அசையாததையும் ஆடுவதையும் இணைக்க மடிப்பு வைத்த ரப்பர்க் குழாய்தான் வழி. அந்த மடிப்பு நீண்டு சுருங்கத்தான் பிறந்தது. அப்படியென்றால் அது ஏன் கிழிய வேண்டும்?

இங்கே ரப்பரின் கதைக்குள் போக வேண்டியிருந்தது. சார்லஸ் குட்இயர் 1839-ல் கந்தகத்தோடு சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டார். ஆனாலும் இயற்கை ரப்பருக்கு ஒரு பகை உண்டு: காற்றில் கொஞ்சமே இருக்கும் ஓசோன். இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியை அது வெட்டும். இழுவிசைக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். 1960-களில் புழக்கத்துக்கு வந்த ஈபிடிஎம் ரப்பர் ஓசோனையும் சூட்டையும் தாங்கும். ஆயில் பட்டால் ஊதிவிடும். நைட்ரைல் ரப்பர் ஆயிலைத் தாங்கும், ஓசோனைத் தாங்காது. இந்த ஹோஸுக்கோ வெளியே சூடும் ஓசோனும், உள்ளே எஞ்சினின் பிரீதர் குழாய் கொண்டுவந்து விடும் ஆயில் ஆவியும். என் ஹோஸில் பிரீதர் சேரும் இடம் ஊதி, பிசுபிசுத்துப் போயிருந்தது.

அப்போதும் எனக்கு நிறைவு வரவில்லை. வயது காரணம் என்றால் எல்லா மடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் வெடித்திருக்க வேண்டும். இதுவோ ஒரே மடிப்பில் நறுக்கென்று கிழிந்திருந்தது. பட்டறைத் தம்பி மறுபடியும் கட்டையைக் கொடுத்து நெம்பினார். இந்த முறை ஹோஸைப் பார்க்காமல் அடியில் எஞ்சின் மவுண்டைப் பார்த்தார். மவுண்டின் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து கிடந்தது. எஞ்சின் சாய வேண்டிய அளவைவிட எவ்வளவோ அதிகம் சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு அழுத்தலிலும், அந்த மீறிய ஆட்டம் முழுவதையும் ஒற்றை மடிப்பு தாங்கியிருக்கிறது. கிழிந்தது ஹோஸ். கிழித்தது மவுண்ட். புது ஹோஸ் மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் இதே இடத்தில்தான் கிழிந்திருக்கும்.

அன்றைக்கு மலையிறங்க ஒரு கட்டு போதும். ஹோஸைச் சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப் பசை போக நன்றாகக் காயவைத்தோம். சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்து, சுற்றுக்குச் சுற்று பாதி மேலேறும்படி சுற்றி, இரு முனையிலும் கிளாம்ப் போட்டார் தம்பி. தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப் கிடைத்தால் இன்னும் நல்லது. எம்-சீல் வேண்டாம், அது கல்லாக இறுகும், ஆடும் இடத்தில் மறுநாளே விட்டுவிடும். இன்சுலேஷன் டேப் சூட்டில் நழுவும். சிலிகான் பேஸ்டின் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கலாம். எக்காரணம் கொண்டும் உள்பக்கம் எதையும் ஒட்டக் கூடாது. பிய்ந்தால் நேரே த்ராட்டிலுக்குள் போகும்.

மடிப்பில்லாத நேர்க் குழாயைப் போட்டுச் சமாளிக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். என் முடிவு, கூடாது என்பதே. மடிப்பு தாங்கிய ஆட்டத்தை அது த்ராட்டில் பாடிக்கும் ஃபில்டர் பெட்டியின் பிளாஸ்டிக் வாய்க்கும் கடத்திவிடும். சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய ஹோஸ் கிடைக்கும். ஆனால் அதன் ரப்பருக்கும் என் ஹோஸின் வயதுதான். உற்பத்தி நின்றுபோன வண்டியானாலும் புது ஹோஸ் கிடைக்கிறதா என்று தேடி அலைவதே சரி. புது ஹோஸும் புது மவுண்டும் சேர்த்து மாட்டியபின், காரவள்ளி ஏற்றத்தில் வண்டி ஒரு வளைவிலும் தயங்கவில்லை.

பழைய காரில் கொல்லிமலைக்குக் கிளம்புகிறீர்களா? அடிவாரத்தில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஆறிய பிறகு அந்த ஹோஸின் மடிப்புகளைக் கையால் விரித்து, கீழ்ப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். கிழிந்திருந்தால் ஹோஸ் வாங்கும் முன் எஞ்சின் மவுண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.