குதிரை நின்றுகொண்டேதான் தூங்குமா?

எங்கள் வீட்டில் குதிரை இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். "ஏய், குதிரை நின்னுக்கினேதானே தூங்கும்?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் பெயர் செம்பி. ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். அங்கே அப்பா வாங்கி வந்தது. தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர்ப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலம், காதுகுத்து என்றால் செம்பி போவாள். ஜிகினாத் துணி போட்டு நெற்றியில் குஞ்சம் கட்டினால் எங்களுக்கே அடையாளம் தெரியாது.

நாங்கள் இருப்பது முடிச்சூர். அடையாறு எங்கள் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது எனக்கு நாலு வயது, ஞாபகம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா செம்பியை ரோட்டு மேட்டுக்கு ஓட்டிப் போய் இரண்டு ராத்திரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார்.

வெள்ளத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். சேற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். எங்கள் கொல்லையில் சேறு தை பாதி வரைக்கும் காயாது. அதிலும் மார்கழியில் கல்யாணமே கிடையாது. ஒரு ரூபாய் வருமானம் இல்லை. ஆனால் செம்பிக்கு மார்கழி என்று தெரியுமா? அவளுக்கு ராத்திரி ஊறவைத்த கொள்ளு வேண்டும், தவிடு வேண்டும், புல் வேண்டும். ஈரத்தில் பூஞ்சை பிடித்த வைக்கோலைப் போடவே கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்டது எது உள்ளே போனாலும் வயிற்றுவலிதான், உயிருக்கே ஆபத்து.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குளம்பு சுத்தம் செய்வது என் வேலை. காலைத் தூக்கி என் முட்டி மேல் வைத்துக்கொண்டு, வளைந்த இரும்புக் கொக்கியால் சேற்றை நோண்டி எடுக்க வேண்டும். குளம்புக்கு அடியில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு பாகம் இருக்கிறது. அதன் பக்கத்துப் பள்ளத்தில் ஈரம் தங்கினால் அழுக ஆரம்பிக்கும். போன மார்கழியில் அப்படித்தான் ஆனது. கறுப்பாகக் கசிந்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை. ஒரு லாடத்தை வேறு சேறு உறிஞ்சிவிட்டது. நானும் தம்பியும் கையை விட்டுத் துழாவித்தான் எடுத்தோம்.

அதைவிடப் பயமாக இருந்தது வேறு ஒன்று. செம்பி நின்றபடியே கண்ணை மூடுவாள். தலை தொங்கும். திடீரென்று முன்னங்கால் மடிந்து விழப் பார்ப்பாள், உடனே திடுக்கிட்டு நிமிர்வாள். ஒரே ராத்திரியில் எத்தனையோ தடவை. முன்னங்கால் மூட்டில் தோல் உரிந்து ரத்தம் வந்தது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளா படுக்கல?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அவர்தான் விளக்கினார். குதிரை காலைப் பூட்டுப் போட்ட மாதிரி நிறுத்திக்கொண்டு நின்றே அரைத்தூக்கம் தூங்கும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கட்டாயம் படுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரைமணி, ஒரு மணி நேரம் போதும். தரை சேறாக இருந்தால் அது படுக்காது. படுக்காவிட்டால் இப்படித்தான் விழும்.

"தரைய மேடாக்குங்க. குளம்பு ஆறுற வரைக்கும் ரோட்ல நடத்தாதீங்க" என்றார்.

தை முதல் முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். அப்பா அன்றைக்கே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒன்றும் வருத்தம் இல்லையாம். சினிமாவில் வருகிற மாதிரி வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று மாப்பிள்ளை முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாராம்!

ராத்திரி அம்மா சண்டை போட்டது. "பிள்ளைங்களுக்கே இல்ல, இதுக்கு எங்கேந்து கொட்றது? கேட்டவங்ககிட்ட வித்துட்டுப் போ." அப்பா ஒன்றும் பேசவில்லை. நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் பார்த்தால் அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து டிவி மேல் வைத்திருந்தது. "மழை வர்றதுக்குள்ள லோடு இறக்கு" என்று மட்டும் சொன்னது.

ஒரு லோடு ரப்பீஷ் வந்தது. இடித்த வீட்டுச் செங்கல், காரை எல்லாம் கொட்டித் திமிசு போட்டோம். அதற்கு மேல் மணல். அதற்கு மேல் மரக்கடைத் தூள், சாக்குச் சாக்காக. தினமும் குளம்பைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பள்ளத்தில் வைத்தோம். முதல் இரண்டு ராத்திரியும் செம்பி தூளை மோந்து பார்த்துவிட்டு நின்றபடியேதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தம்பி ஓடி வந்து, "அக்கா, செம்பி செத்துட்டா!" என்று அலறினான். எல்லோரும் ஓடினோம். செம்பி நாலு காலையும் நீட்டிப் பக்கவாட்டில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கால் லேசாக உதறியது. கனவில் எங்கேயோ ஓடுகிறாள் போலிருக்கிறது. அம்மா தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

இப்போது மாசி. குளம்பு இறுகிவிட்டது. அடுத்த வாரம் பாய் வந்து புது லாடம் அடிக்கப் போகிறார். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாங்க. பின்பக்கமாகப் போய் நிற்காதீங்க, குர்குரே நீட்டாதீங்க. மத்தியானத்திலும் கொஞ்ச நேரம் படுக்கிறாள், அதனால் கேட்டைத் தட்டாமல் மெதுவாக வாங்க.