அனந்தபுரத்திலிருந்து ஒரு கடவுச்சீட்டு

அனந்தபுரம் பக்கத்துக் கிராமங்களில் வேர்க்கடலை என்று சொல்வார் அரியர். எங்கள் மக்களுக்கு அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற சொல்லே நாவில் புரண்டு மல்லாட்டையாயிற்று என்பர். கடல் கடந்து வந்த அந்தக் கொட்டையை எவரும் வழிமறித்துச் சீட்டுக் கேட்கவில்லை. ஆனால் அதை விதைத்துப் பறிக்கும் ஏழையின் மகன் கடல் கடக்க வேண்டுமானால், எத்தனை தாள்கள், எத்தனை முத்திரைகள்!

சென்ற ஆண்டு அறுவடை முடிந்த நாள்களில் ஒரு விதவைத் தாய் தம் ஒரே மகனுடன் என்னிடம் வந்தார். மகனுக்கு வளைகுடா நாடொன்றில் வேலை கிடைக்கும் என ஒருவர் ஆசை காட்டியிருந்தார். "பாஸ்போர்ட் எடுக்கணும் சாமி. கூட வந்தீங்கன்னா தைரியமா இருக்கும்" என்றார் அந்தத் தாய். நாட்டின் எந்தக் கடவுச்சீட்டு நிலையத்திலும் விண்ணப்பிக்கலாம் என்பது 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறையாதலால், புதுச்சேரி நிலையத்துக்கே நாள் குறித்துக்கொண்டு மூவரும் புறப்பட்டோம்.

விழுப்புரத்தில் பேருந்து மாறிக் கிழக்கே செல்லும் சாலை விந்தையான சாலை. வளவனூரைக் கடந்து மதகடிப்பட்டு வந்தால் அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், திருபுவனையும் அப்படியே. அடுத்து வரும் கண்டமங்கலமோ மீண்டும் விழுப்புரம் மாவட்டம். பிறகு, நம் மக்கள் மாதாவைத் தரிசிக்கச் செல்லும் வில்லியனூர் மறுபடியும் புதுச்சேரி. இன்று பயணி உறங்கிக்கொண்டே இவற்றைக் கடந்துவிடுகிறான். 1954 நவம்பர் 1ஆம் நாள் வரை இவை இரு வேறு அரசுகளின் மண். ஒருபுறம் பிரெஞ்சு ஆட்சி, மறுபுறம் இந்திய ஆட்சி; இடையே சுங்கச் சோதனை.

1956 மே 28ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரி மக்கள் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று தவணை தரப்பட்டது. எழுதிக் கொடுத்தவர்களின் சந்ததியார் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்களாய்ப் புதுச்சேரியில் வாழ்கின்றனர். பிரான்சின் தேர்தல்களில் வாக்களிக்கின்றனர். ஒரே தெருவில் பிறந்த இருவரை இரு நாட்டவராக்க ஒரு கையெழுத்துப் போதுமானதாயிருந்தது. தாளின் வலிமை அத்தகையது!

பேருந்தில் அந்த இளைஞன், "பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் என்ன சாமி வித்தியாசம்?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த வழியிலேயே விளக்கினேன். வேறு பங்கில் திருமணம் செய்யும் மணமகன் தன் பங்குக் குருவிடம் கடிதம் பெற்றுச் செல்கிறான் அல்லவா? இவன் எங்கள் பிள்ளை என்று சொல்லும் அக்கடிதமே கடவுச்சீட்டு. ஆயினும் அங்குள்ள குரு சம்மதித்தால்தான் அக்கோவிலில் மணம் நடக்கும். அந்தச் சம்மதமே விசா. முன்னதை நம் நாடு தரும். பின்னதை அந்நிய நாடு தரும். எருசலேமுக்குப் புறப்பட்ட நெகேமியாவும் வழியிலுள்ள ஆளுநர்களுக்குக் காட்ட மன்னரிடம் மடல் கேட்டார் என மறைநூலில் வாசிக்கிறோம்.

இது அரசு மனமிரங்கித் தரும் சலுகையுமன்று. வெளிநாடு செல்வது தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1967 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே அவ்வாண்டில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது.

நிலையத்தில் 36 பக்க ஏட்டுக்குரிய கட்டணம் 1,500 ரூபாய். பெரியவர்களுக்குப் பத்தாண்டு செல்லும். தொல்லை பெயரில்தான் வந்தது. நாம் தந்தையின் பெயரை ஓர் எழுத்தாக்கி முன்னே வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே செல்லாது. முதலெழுத்தை விரித்தெழுத வேண்டும். குடும்பப்பெயர் என்னும் கட்டத்தை வெறுமையாய் விட்டாலும் ஆபத்து. ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டுடன் வருவோருக்குச் சுற்றுலா விசா இல்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. ஆகவே தந்தையின் பெயரைக் குடும்பப்பெயராக எழுதினோம். "அப்போ அங்கே இவனை எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லியா சாமி கூப்பிடுவாங்க?" என்று அந்தத் தாய் கேட்டார். "ஆமாம் அம்மா" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில்தான் முழு விவரமும் வெளிவந்தது. "விசிட் விசாவில் போய் இறங்கு, அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று அந்தத் தரகர் சொல்லியிருக்கிறார். தாய் நகையை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார்.

என் நெஞ்சு பகீரென்றது. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்று ஓர் இளைஞன் புறப்பட்டபோது, ஒரு தாளையும் படித்துப் பாராமல் ஆசீர்வதித்து அனுப்பியவன் நான். அங்கே முதலாளி அவனுடைய கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டார். கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை. முதலாளி அதைப் பறித்து வைக்க நம் சட்டத்தில் இடமில்லை. அது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவனுடைய தந்தையை மகன் முகம் காணாமலே நான் அடக்கம் செய்தேன்.

ஆகவே இம்முறை வாய் திறந்து சொன்னேன்: பார்வையாளர் விசாவில் வேலை செய்வது குற்றம், கூலி மறுக்கப்பட்டால் கேட்க நாதியில்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அதற்கான அலுவலகம் சென்னையில் உண்டு. வேலை ஒப்பந்தத்தைச் சரிபார்த்தே அனுமதி தருவர். விசிட் விசா என்று சொல்பவர் இந்தக் காவலைத் தாண்டிக் குதிக்கச் சொல்கிறார் என்றே பொருள். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது. இவர் கேட்டதோ அதைப்போல் பல மடங்கு.

மகன் முகம் வாடியது. "ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும் சாமி" என்றான். தாய் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அனந்தபுரத்தில் இறங்கியதும், "நகை வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார்.

காவல்துறை விசாரணை முடிந்து அஞ்சல்காரர் நீலநிற ஏட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். அது இன்று அவ்வீட்டுத் தகரப் பெட்டியில், செபமாலைக்கு அருகில் இருக்கிறது. விசாப் பக்கங்கள் இன்னும் வெறுமையாகவே உள்ளன. முறையான ஒப்பந்தத்துக்காக மகன் காத்திருக்கிறான். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் படிக்கிறான்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை புறப்படுமுன் ஒப்பந்தத்தையும் விசாவையும் எடுத்துக்கொண்டு படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். பங்குக் குருவிடம் வந்தாலும் சரியே. ஆசீர்வாதம் கேட்குமுன் அந்தத் தாள்களைக் கொடுங்கள்.