பேர் சொல்லாதது

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஓர் ஊற்றுக்கால். ஓரத்துச் சேற்றில் கைவிட்டு, கணுக்கணுவான கிழங்கு ஒன்றை இழுத்து நீட்டினார் ஒரு மலையாளி மூதாட்டி. (மலையாளி என்றால் ஜவ்வாது மலையில் மலைவாசி, பேசுவது தமிழ்தான்.) கிள்ளி முகர்ந்ததுமே என் பாட்டியின் இழைப்புக் கல் கண்முன் வந்துவிட்டது.

"வசம்புதானே ஆயா?"

"பொழுது சாயற நேரத்துல அது பேரைச் சொல்லக் கூடாது, கண்ணு."

எங்கள் வீட்டிலும் அதற்குப் 'பேர் சொல்லாதது' என்றுதான் பேர். பிள்ளை வளர்ப்பான் என்றும் சொல்வார்கள்.

பூக்காத நாளில் கோரை என்று கடந்துபோய்விடலாம். வாள் போன்ற இலை, நடு நரம்பு சற்றே ஒதுங்கி ஓடும், கசக்கினால் மணக்கும். விரல் நீளப் பூக்கதிர், இலை போன்ற தண்டின் பக்கவாட்டில் சாய்ந்து முளைக்கும். முன்பு சேம்புக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பின் தனிக் குடும்பம். ஒருவித்திலைத் தாவரங்களில் முதலில் பிரிந்த கிளை இதுதான். நெல், தென்னை, வாழை, கரும்பு எல்லாம் மறு கிளை. அவ்வளவு பழைய வம்சம் இந்தச் சேற்றுக்குள் கிடக்கிறது!

பாட்டி அதை விளக்கெண்ணெயில் தோய்த்து, தீபத்தில் கருகச் சுட்டு, தாய்ப்பால் விட்டு இழைப்பார். வசம்பு இரண்டு இழைப்பு, ஜாதிக்காய் ஒன்று. வயிற்று உப்புசத்துக்கு நாக்கில் ஒரு தடவல், தொப்புளைச் சுற்றி ஒரு பற்று. அளவு கல்லில் இருந்தது. இன்று கடைத்தூள் கரண்டியில் போகிறது.

அந்தக் கல்லளவும் பாதுகாப்புக்குப் போதாது என்றே இப்போது நினைக்கிறேன். நம் நாட்டு வசம்பின் எண்ணெயில் பீட்டா அசரோன் மிகுதி. எலிகளுக்கு அது கட்டிகளை உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வசம்பு புகட்டிய பச்சிளங்குழந்தைகள் வாந்தியும் மயக்கமுமாக மருத்துவமனைக்கு வருவதுண்டு. கையில் கட்டும் வசம்பு வளையலையும் குழந்தை சப்பத்தானே செய்யும்?

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பூச்சியை விரட்டும் அதன் குணத்தை நம் முன்னோர் சரியாகவே கண்டிருந்தார்கள். தஞ்சை சரஸ்வதி மகாலில் ஏடுகளைப் பூச்சியிலிருந்து காக்கும் மருந்துப் பொடியில் வசம்பும் உண்டு. விதைப் பயறோடும் கலந்து வைப்பார்கள்.

பிள்ளைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தாய்மாரே. ஆயா தந்த கிழங்கு எங்கள் வீட்டுத் துவரம்பருப்பு டப்பாவில் இருக்கிறது. இதுவரை ஒரு வண்டு இல்லை.