மைனஸ் ஆறரை

அவள் யாரென்று வகுப்பில் யாரும் ஊகிக்க வேண்டாம். பி.காம். மூன்றாம் ஆண்டில் கண்ணாடி போட்டவர்கள் பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள். அவர்களில் ஒருத்தி என்று வைத்துக்கொண்டால் போதும்.

பவர் மைனஸ் ஆறரை, இரண்டு கண்ணிலும். அது எவ்வளவு என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீட்டரை ஆறரையால் வகுத்தால் சுமார் 15 சென்டிமீட்டர் வரும். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்குமே ஒரு சின்ன ஸ்கேல், அதன் நீளம். கண்ணாடியைக் கழற்றினால் அந்த ஸ்கேலின் முனை வரைக்கும்தான் அவளுக்கு உலகம் தெளிவு. அதற்கு அப்பால் அம்மாவும் ஒன்றுதான், ஆணியில் தொங்கும் அம்மாவின் புடவையும் ஒன்றுதான்.

நாலாம் வகுப்பில் போட்ட கண்ணாடி. 'சோடாபுட்டி' என்ற பட்டப்பெயர் ஆறாம் வகுப்பில் வந்து பத்தாம் வகுப்பில் போனது. டீ குடித்தால் ஆவி படியும், மழையில் ஸ்கூட்டி ஓட்டினால் எதிரில் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாது. இதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. ராத்திரி கரண்ட் போய் விழித்தால், கண்ணாடியை வைத்த இடம் மறந்திருந்தால், அதைத் தேடுவதற்கே ஒரு கண்ணாடி வேண்டும். ஒருமுறை தம்பி தண்ணீர் குடிக்க எழுந்தவன் அதை மிதித்தே விட்டான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி! காலையில் செல்லோடேப் சுற்றிய கண்ணாடியோடு போய் காஸ்ட் அக்கவுண்டிங் எழுதினாள்.

ஆனால் லேசர் பேச்சு வீட்டில் கிளம்பியது அவளுடைய இந்தக் கஷ்டத்தால் அல்ல. அத்தையால்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு நிச்சயதார்த்தம். குரூப் போட்டோ எடுக்கும்போது அத்தை, "கண்ணாடியக் கழட்டிட்டு நில்லுடி, மூஞ்சி நல்லா தெரியட்டும்" என்றார். கழற்றினாள். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தப் படத்தில் எல்லோரும் ஒரு பக்கம் பார்க்க, அவள் மட்டும் பந்தல்காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டுப் பந்தியில் அத்தை அம்மாவிடம் சொன்னது இது: "அண்ணி, இப்பல்லாம் லேசர் வெச்சு அஞ்சு நிமிஷத்துல எடுத்துடறாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல ஜாதகம் எடுக்கணும்ல? போட்டோ குடுக்கறப்போ கண்ணாடி இல்லாம இருந்தா நல்லதுதானே."

அம்மா பதில் சொல்லவில்லை. அம்மா பதில் சொல்லாத விஷயங்கள்தான் அந்த வீட்டில் நடக்கும்.

அப்பா ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பாலிசி எடுத்தவர்களைவிட எதற்கெல்லாம் கிளெய்ம் கிடைக்காது என்பது அவருக்குத்தான் மனப்பாடம். 2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக எழுதிக்கொடுத்த விலக்குப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவுக்குப் பணம் கிடையாது. "இன்னும் ஒரு பாயிண்ட் ஏறினா கிளெய்ம் போட்டுடலாம்" என்றார் அப்பா. அவர் மட்டும் சிரித்தார்.

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அத்தையின் ஜாதகத்துக்காக இல்லை. காலையில் கண் திறந்ததும் சுவர்க் கடிகாரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கல்லூரி விட்டு வந்து மூன்று வாரம் இதையே படித்தாள்.

படிக்கப் படிக்க விஷயம் சுவாரசியமாகத்தான் இருந்தது. இந்த லேசருக்குப் பெயர் எக்ஸைமர். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். உயிருள்ள திசுவை இது சுடாமல், கருக்காமல், துல்லியமாக எடுக்கும் என்று கண்டவர்களில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1929-ல் மெட்ராஸில் பிறந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா போய் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், நன்றி நவிலல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை எடுத்துவந்து அதன்மேல் லேசரை அடித்துப் பார்த்தார். வெட்டு சுத்தமாக விழுந்தது, பக்கத்துச் சதையில் கருகல் இல்லை. அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருக்கும் அவருக்கும் சேர்த்து 2013-ல் ஒபாமா பதக்கம் கொடுத்தார். இதைக் கேட்டதும் அப்பாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "நம்ம மெட்ராஸ்காரர் கண்டுபிடிச்சதாம்ல!" என்று பால்காரரிடம்கூடச் சொன்னார். (மிச்சமான வான்கோழி என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டார். சைவ வீடு.)

முதலில் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஏ.சி., சோபா, மீன் தொட்டி. ரேட் கார்டு ஹோட்டல் மெனு மாதிரி இருந்தது. பிளேடால் மூடி வெட்டி லேசர் அடிப்பது சாதா. மூடியையும் லேசராலேயே வெட்டினால் ஸ்பெஷல். மூடியே வெட்டாமல் சின்னத் துளை வழியே உள்ளிருந்து ஒரு வில்லையை உருவி எடுத்தால் அது நெய் ரோஸ்ட். அதன் பெயரே ஸ்மைல். கண்ணில் சொட்டு விட்டார்கள், வட்ட வட்டமாக வளையம் தெரியும் மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள், இமைக்குள் காகிதத் துண்டு செருகிக் கண்ணீர் அளந்தார்கள். கடைசியில் கவுன்சிலிங் பெண் வந்தார்.

"ரெண்டு கண்ணுக்கும் 68,000. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் இந்த ரேட். கார்னியா கொஞ்சம் மெலிசா இருக்கு, ஆனா அதுக்கும் வேற மெத்தட் இருக்கு. டேட் போட்டுடலாமா?"

"பவர் மாறாம இருக்கா?" என்ற கேள்வியும் வந்தது. ஃபாரத்தில் இருந்த கட்டத்துக்காக. அவள் "இருக்குன்னு நினைக்கறேன்" என்றாள். டிக் அடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மா சீட்டை எடுத்துவிட்டார். தெருவில் பிடிக்கும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது மாதம், ஆறாவது மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. அவசரத்தில் கேட்டால் தள்ளுபடி அதிகம் போகும் என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன? 22,000 தள்ளி, 78,000 கையில் வாங்கி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "உனக்குத்தான்டி" என்றார்.

அவள் கணக்கில் சுமாரான மாணவி அல்ல. ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். பிரேமும் லென்ஸும் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு 5,500. வருஷத்துக்கு 2,750. 68,000-ஐ வகுத்தால் பேபேக் பீரியட் ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம். அவளுக்கு வயது இருபது. நாற்பதைத் தாண்டினால் லேசர் செய்தவர்களுக்கும் படிப்பதற்குக் கண்ணாடி வந்துவிடும், அது வயதின் வேலை. ஆக, போட்ட முதல் திரும்புவதற்குள் அடுத்த கண்ணாடி வந்து நிற்கும். ஆனால் கண்ணாடி இல்லாமல் மழையில் போவதற்கு என்ன விலை போடுவது? அந்த வரியை எழுதி, தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

இன்னொரு பக்கத்தில் ஆபத்துகள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. மற்ற அரசு அமைப்புகளோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. லேசருக்கு முன் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து, விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கதிர் சிதறுவது போல ஏதாவது ஒன்று தெரிவதாகச் சொன்னார்கள். ஆனால் அதனால் அன்றாட வேலையே ரொம்பக் கஷ்டம் என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 95 சதவீதத்துக்கும் மேல் திருப்தி என்றார்கள். இதை வைத்து எந்தக் கட்சியும் பேசலாம், பட்டிமன்றத்துக்கு உகந்த எண்கள். (ரயில் என்ஜின் ஓட்டும் வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் மட்டும் யோசிக்கவே வேண்டாம். லேசர் செய்துகொண்டவர்களை லோகோ பைலட் வேலைக்கு ரயில்வே எடுப்பதில்லை. கண்ணாடி போட்டவர்களையும் எடுப்பதில்லை, அது வேறு சோகம்.)

'கார்னியா கொஞ்சம் மெலிசா இருக்கு' என்ற வாக்கியம் மட்டும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எவ்வளவு மெலிசு? ரிப்போர்ட்டில் 486 என்று இருந்தது. அப்பாவிடம் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்றாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டாவது டாக்டர் வயதானவர். அவரே தடிமனான கண்ணாடி போட்டிருந்தார்! அவள் அதையே பார்ப்பதைக் கவனித்து, "எல்லாரும் கேக்கறதுதான், நீயும் கேட்டுடு" என்றார். கேட்கவில்லை. ரிப்போர்ட்டைத் திருப்பி அதன் முதுகில் எழுதத் தொடங்கினார்.

"கார்னியா சராசரியா 540 மைக்ரான். உனக்கு 486. மூடி வெட்டினா அதுல 110 போச்சு. ஒரு பவருக்குச் சுமாரா 13 மைக்ரான் லேசர் சுரண்டணும். ஆறரைக்கு 85. மிச்சம்?"

"291."

"பி.காம்னு சொன்னியே, சரிதான். 250-க்குக் கீழ போகவே கூடாது. 300 இருந்தாத்தான் என்னை மாதிரி ஆளுங்களுக்குத் தூக்கம் வரும். மூடி வெட்டாம மேலாகவே அடிக்கிற முறை இருக்கு, வலிக்கும், ஆற நாளாகும், ஆனா தடிமன் மிச்சம். உனக்குப் பிரச்சினை தடிமன் மட்டும் இல்லை." வண்ண வரைபடத்தில் இடது கண்ணின் கீழ்ப்பாதியைப் பேனாவால் சுற்றினார். மேல்பாதியைவிட அங்கே வளைவு கொஞ்சம் அதிகம். சிலருக்குக் கார்னியா மெலிந்து மெலிந்து கூம்பாக முன்னால் தள்ளும், கெரட்டோகோனஸ் என்பார்கள், பெரும்பாலும் இந்த வயதில்தான் தெரியவரும். அப்படிப்பட்ட கண்ணில் லேசர் அடித்து இன்னும் மெலிசாக்கினால் பார்வை கெடும், கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாமல் போகலாம். "உனக்கு அது இருக்குன்னு சொல்லலை. இல்லைன்னும் இன்னிக்குச் சொல்ல முடியாது. கண்ணைக் கசக்குவியா?"

அவள் அப்போதும் கசக்கிக்கொண்டுதான் இருந்தாள். தூசு அலர்ஜி, சின்ன வயதிலிருந்து.

"அதை நிறுத்து. பழைய கண்ணாடிச் சீட்டு ஏதாவது வெச்சிருக்கீங்களா சார்?"

இந்தக் கேள்வியைத்தான் அப்பா வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் போல. பையிலிருந்து ஒரு ஃபைல் வெளியே வந்தது. நாலாம் வகுப்புச் சீட்டு முதல் எல்லாம், தேதி வாரியாக, பஞ்ச் பண்ணிக் கோத்தது. மைனஸ் ஒன்றேகால், இரண்டு, மூன்றரை என்று ஏறிக்கொண்டே போனது. போன வருஷச் சீட்டில் மைனஸ் ஆறு.

டாக்டர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரு வருஷத்துல அரை ஏறியிருக்கு. நின்னுடுச்சுன்னு யார் சொன்னா?"

அவள்தான் சொன்னாள். 'நினைக்கறேன்' என்று.

ஒரு வருஷம் கழித்து வரச் சொன்னார். அதே மெஷினில் மறுபடியும் எடுத்து, படம் மாறாமல், பவரும் மாறாமல் இருந்தால் பேசலாம். கார்னியாவைத் தொடாமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறையும் இருக்கிறதாம், செலவு அதிகம், அதற்கும் பவர் நின்றாக வேண்டும். விழித்திரையையும் ஓரம் வரை பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். லேசர் செய்தாலும் செய்யாவிட்டாலும் இவ்வளவு பவர் உள்ளவர்கள் விழித்திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மின்னல் மாதிரி வெட்டினாலோ கரும்புள்ளிகள் திடீரென்று கொட்டினாலோ அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்றார். லேசர் செய்தால் கண்ணாடி போகுமே தவிர நீண்டுபோன கண் சுருங்காது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சத்திரம் வரைக்கும் பஸ்ஸில் அப்பா பேசவில்லை. இறங்கும்போது, "சீட்டு எடுத்தாச்சேம்மா..." என்றார்.

அதுதான் அவளுக்கும். சங்க் காஸ்ட் பற்றி மார்ஜினல் காஸ்டிங் பாடத்தில் ஐந்து மார்க் கேள்வி உண்டு. செலவானது செலவானதுதான், அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவள் அதை நன்றாக எழுதுவாள். ஆனால் அந்த 22,000 அம்மா மாசாமாசம் மளிகையில் பிடித்துச் சேர்த்தது. அதை 'சங்க்' என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு நிமிஷம், அந்த மேலாக அடிக்கும் முறையையே செய்துகொண்டால் என்ன என்றுகூட நினைத்தாள். கண்ணுக்காக இல்லை, தள்ளுபடிக்காக.

ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். 486, 291, இடது கண்ணின் கீழ்ப்பாதி. அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். எடுத்தார். அடுத்த தோசை ஊற்றினார்.

"அந்தப் பொண்ணு மெலிசுன்னு சொன்னப்பவே எனக்குப் பிடிக்கலை" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அம்மா அந்தப் பணத்தோடு போய், தம்பி காலேஜ் சேரும்போது 60,000-க்கு வைத்த வளையல்களை மீட்டுவந்தார். மாதம் 600 ரூபாய் வட்டி மிச்சம். அவள் விடாமல் கணக்குப் போட்டாள். தள்ளுபடியில் போனது திரும்ப மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேலாகும். சொன்னபோது அம்மா, "வளையல் கையில இருக்கறதுக்கு உன் நோட்டுல கட்டம் இருக்கா?" என்றார்.

மிச்சத்தில் புதுக் கண்ணாடி. ஆறரைக்கு மெலிசான லென்ஸ், கறுப்பு பிரேம். அத்தை அடுத்த விசேஷத்தில் பார்த்துவிட்டு, "என்னடி, லேசர்னு சொன்னாங்க, இன்னும் இத மாட்டிக்கிட்டு நிக்கற?" என்றார்.

"ஒரு வருஷம் ஆகட்டும்னு டாக்டர் சொல்லியிருக்கார் அத்தை" என்று சொல்லிக்கொண்டே அவள் விரலைக் கண்ணாடிக்கு அடியில் விட்டாள். கல்யாண மண்டபத்தில் சாம்பிராணிப் புகை.

பந்தி பரிமாறிக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே சத்தம் போட்டார்: "கண்ணுலேர்ந்து கைய எடுடி!"