துர்கா பார்க்காத ரயில்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பேத்தி போனில் கேட்டாள். "தாத்தா, எங்களுக்குப் பதேர் பாஞ்சாலி பாடமா வந்திருக்கு. நீங்க நடத்தினதுதானே? நல்ல கைடு ஒண்ணு சொல்லுங்களேன்."

பேர் சொல்லலாம் என்று வாயெடுத்தவன் நிறுத்திவிட்டேன். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பழைய கடன் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. நோட்ஸைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதைத் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் என்னோடு உட்கார்ந்து பாடம் சொல்லித்தர ஆள் கிடையாது. எனக்குச் செய்யுளைப் பதம் பிரித்துக் காட்டியது கோனார் தமிழ் உரைதான். திருச்சியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயம்பெருமாள் கோனார் என்ற பெரியவர், முகம் தெரியாத எத்தனையோ வீடுகளில் இரவு நேரத்து வாத்தியாராக இருந்திருக்கிறார். அட்டை கிழிந்து, அண்ணனிடமிருந்து எனக்கும் என்னிடமிருந்து தம்பிக்கும் போன புத்தகம் அது. உறவினர்கள் பலருக்கும் நினைவிருக்கும்.

அதன் பெயரையும் பாருங்கள், 'உரை'. நம் மொழியில் அது மரியாதையான சொல். பரிமேலழகர் இல்லாமல் குறளுக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருப்போம்? உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது நச்சினார்க்கினியர் உரையோடுதான் அச்சிட்டார். ஆங்கிலத்திலும் இதே கதைதான். சார்லஸ் லாம்பும் அவர் அக்கா மேரியும் 1807இல் ஷேக்ஸ்பியரின் 20 நாடகங்களைச் சிறுவர்களுக்கான கதைகளாக எழுதினார்கள். நம்மில் பலருக்கு ஷேக்ஸ்பியர் நான்-டீட்டெயிலாக வந்தது அந்த வழியில்தான். அமெரிக்காவில் 1958இல் கிளிஃப்ஸ் நோட்ஸ் தொடங்கியபோது முதலில் வந்த 16 புத்தகங்களும் ஷேக்ஸ்பியருக்கானவை. கடினமான நூல் இருக்கிற இடத்தில் கைகொடுக்க ஒரு நூல் வரத்தான் செய்யும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

இலக்கியமும் திரைப்படமும் என்று ஒரு தாள் எங்கள் துறைக்கு வந்தது. யார் தலையில் கட்டுவது என்று பார்த்து என் தலையில் கட்டினார்கள். பாடத்தில் பதேர் பாஞ்சாலி. விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவல் 1929இல் புத்தகமாக வந்தது. சத்யஜித் ராயின் படம் 1955இல் வந்தது. படத்தைத் துறையில் சி.டி. போட்டு எல்லோரும் பார்த்தோம். நாவலை நான் படிக்கவில்லை. கடையில் ஒரு கைடு கிடைத்தது. 120 பக்கம் இருக்கும். கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, 10 மதிப்பெண் கேள்வி பதில் எல்லாம் அதில் இருந்தன. அதை வைத்து மூன்று வருடம் நடத்தினேன். உங்களில் சிலர் அந்த வகுப்பில் இருந்தவர்கள். நான் நாவலைக் கரைத்துக் குடித்தவன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, கைடைக் குடித்தவன்.

அந்தக் கைடில் ஒரு கேள்வி உண்டு: நாவலில் துர்காவும் அப்புவும் ரயிலைக் காணும் காட்சியை விளக்குக. பதிலும் அழகாக எழுதியிருந்தார்கள். நாணல் பூத்த வெளி, தந்திக் கம்பத்தின் ரீங்காரம், கரும்புகை, ஓடுகிற குழந்தைகள். படத்தில் நான் கண்ணால் பார்த்த காட்சிதானே? சந்தேகமே வரவில்லை.

ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. அப்பா ரயில்வேயில் கேங்மேன். "சார், நாவல்ல துர்கா ரயிலைப் பார்க்கவே இல்லையே சார். பார்க்காமலே செத்துப் போயிடுறா."

நூலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துப் படித்திருக்கிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "புத்தகத்தைக் கொண்டு வாம்மா, பார்ப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "மொழிபெயர்ப்புல விட்டிருப்பான். பரீட்சைக்கு நான் சொன்னதை எழுது." வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

உள்தேர்வில் அதே கேள்வியை நானே கேட்டேன். அவள் தனக்குத் தெரிந்ததையே எழுதியிருந்தாள். நாவலில் அப்படி ஒரு காட்சி இல்லை, படத்தில்தான் உண்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இது என்று ஒன்றரைப் பக்கம். நான் போட்டது 10க்கு 3. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் நாவலைப் படித்தேன். சும்மா இருந்த ஒரு மத்தியானம் கையில் எடுத்தேன். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது. பிள்ளைகள் இருவரும் ரயில் பாதையைத் தேடிப் போகிறார்கள், வழி தவறித் திரும்பி வருகிறார்கள். துர்காவுக்குக் காய்ச்சல் வருகிறது. உடம்பு சரியானதும் எனக்கு ரயில் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். உடம்பு சரியாகவில்லை. பிறகு குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பும்போது அப்பு ரயிலில் போகிறான், அக்கா இல்லாமல்.

அந்தப் பெண் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. கைடு எழுதியவர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாவலுக்குப் பதில் எழுதியிருக்கிறார். அவர் செய்தது ஒரு தவறு. கேட்ட பிள்ளையை உட்கார வைத்தது நான் செய்த தவறு. என்னுடையதுதான் பெரியது.

இன்னொன்றும் புரிந்தது. அவள் பிடித்தது சின்னப் பிழை இல்லை, அந்தத் தாளின் உயிர்நாடியே அதுதான். நாவலாசிரியர் ரயிலைக் காட்டாமல் விட்டார். அந்த ஏக்கம் கடைசிப் பக்கங்கள் வரை வருகிறது. ராய் ரயிலைக் காட்டினார். காட்டும்போதும் துர்கா தடுக்கி விழுகிறாள், அப்பு மட்டும் தண்டவாளத்தை நோக்கி ஓடுகிறான். ஒரே குறையை எழுத்து ஒரு விதமாகவும் படம் இன்னொரு விதமாகவும் சொல்கின்றன. படத்தில் குடும்பம் ஊரை விட்டுப் போவதும் மாட்டு வண்டியில்தான். இதை வைத்து ஒரு மாதம் பாடம் நடத்தலாம். ஒன்றரைப் பக்கத்தில் ஒரு மாணவி தொடங்கி வைத்தாள், நான் 3 போட்டு மூடிவிட்டேன்.

கைடில் 'இசை: ரவிசங்கர்' என்று ஒரு மதிப்பெண் கேள்வி இருந்தது. விடை சரிதான். ஆனால் துர்கா இறந்தது தெரியாமல் அப்பா அவளுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டும்போது, அம்மா வாய்விட்டு அழுகிறாளே, அந்த அழுகைச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம்தான் அலறுகிறது. இதை எந்தக் கைடும் உங்களுக்காகக் கேட்டுச் சொல்ல முடியாது. காதைக் கொடுத்தால்தான் உண்டு.

புறநானூற்றுக்கு ஒரு பழைய உரை உண்டு. 266ஆம் பாட்டோடு அது நின்றுபோகிறது. அதற்கு மேல் இருக்கிற பாட்டுகளைப் பழைய துணை இல்லாமல் அறிஞர்கள் முட்டி மோதித்தான் படித்தார்கள், பிறகு புதிய உரைகள் வந்தன. அவர்களால் முடிந்ததற்குக் காரணம், முதல் 266 பாட்டிலும் உரையை மூலத்தோடு வைத்துப் படித்துப் பழகியிருந்தார்கள். உரை மட்டும் படித்தவனுக்கு 267ஆம் எண்ணில் வழி அடைத்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

பேத்தியை மறுநாள் கூப்பிட்டுச் சொன்னேன். "கைடு வாங்கிக்கோம்மா, தப்பில்லை. ஆனா நாவலை முதல்ல படி, படத்தைப் பாரு. புரியாத இடத்துல பென்சில்ல கோடு போடு. அப்புறம் கைடைத் திற. ரெண்டும் வேற வேற சொன்னா புத்தகத்தை நம்பு. உங்க மிஸ் வேற மாதிரி சொன்னா, பக்கத்தைக் காட்டி மரியாதையாக் கேளு." இப்போது போனிலேயே சுருக்கம் வந்துவிடுகிறது என்றாள். அதற்கும் இதே விதிதான் என்றேன்.

ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "புத்தகத்துல அப்படி இல்லையே" என்று சொன்னால், அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளை சொன்னது தப்பாகவே இருந்தாலும் நஷ்டமில்லை.

அந்த மாணவியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவள் இதைப் படித்தால் அவளுக்குத் தெரியும். அம்மா, நீ எழுதியது சரி. உனக்கு 7 மதிப்பெண் பாக்கி வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள். அன்றைக்குச் சிரித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். நாவலின் பிரதி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நேரில் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்