தனி அடுப்பு, பொதுக் கிணறு

அன்புள்ள ஆத்தா,

டாம்பாவில் சூறாவளி எச்சரிக்கை வந்தால் நண்பர்கள் நாலைந்து வீட்டார் சேர்ந்து சாமான் வாங்கி வைப்பதாக எழுதியிருந்தாய். நம் வீடுகளில் வருஷச் சாமான் சேர்த்து வைத்ததும் புயலுக்குப் பயந்துதானா என்று கேட்டிருந்தாய். இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் நம் முன்னோரான நகரத்தார் இங்கே வந்து, வீட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டினார்கள் என்பது வழிவழியாக வந்த பேச்சு. அதை வைத்து நான் எதையும் நிறுவ மாட்டேன். கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் வேறு. இது வானம் பார்த்த பூமி. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் (வியாபாரத்துக்குப்) போனால், ஒரு கணக்கு (தவணை) முடிந்து திரும்ப மூன்று வருஷம் ஆகும். அத்தனை காலமும் வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். அறுவடையில் நெல்லும், கோடை வெயிலில் வற்றல், வடகம், ஊறுகாயும் சேர்ந்தன.

நீ கவனிக்க வேண்டியது எவ்வளவு சேர்த்தார்கள் என்பதை அல்ல, எப்படிப் பிரித்தார்கள் என்பதை. மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பது நம் வழக்கம். ஒரே வீட்டுக்குள் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான தம்பதிக்கும்) தனி அடுப்பு, தனி அறை, தனிக் கணக்கு. ஆனால் உள்முற்றமான வளவு பொது, கிணறு பொது. நாலு பக்கத்து ஓட்டுக் கூரையிலிருந்து வளவுக்குள் விழும் மழைத்தண்ணீரை அண்டாவிலும் தவலையிலும் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வெளியே ஊருணியை ஊரே காத்தது. அரிசியைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீரையும் ஆள்பலத்தையும் அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

2018-இல் கஜா புயல் இதைக் காட்டிவிட்டது. நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, புதுக்கோட்டை வழியாக உள்நாட்டுக்குள் வந்தது. சிவகங்கை மாவட்டமும் தப்பவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் முதலில் தட்டுப்பாடு வந்தது அரிசிக்கு அல்ல, தண்ணீருக்கு. மின்சாரம் இல்லாமல் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டரைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்த் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். பணம் இருந்த வீடும் அந்த ஒரு ஜெனரேட்டருக்குத்தான் காத்திருந்தது.

இப்படிச் சேர்த்து வைப்பது வசதி படைத்தவர்களின் பழக்கம், எல்லாருக்கும் பொருந்துமா என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய வீட்டின் நெல் அறை கூலிக்காரர் வீட்டில் இருந்ததில்லை. அதனால்தான் பொதுவில் வைப்பதற்கு மதிப்பு கூடுகிறது: தனியே ஜெனரேட்டர் வாங்க முடியாத நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். எல்லாரும் சேர்த்து வைத்தால் கடை காலியாகி இல்லாதவர் வயிற்றில் அடிக்காதா என்றால், எச்சரிக்கை வந்த பிறகு ஓடி வாங்குவதுதான் கடையைக் காலி செய்கிறது. சித்திரையிலேயே வற்றல் போட்டவர் ஐப்பசியில் யார் பங்கையும் பறிப்பதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சேர்த்து வைத்த சாமானே ஆளை வீட்டில் கட்டிப்போடும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியபோது, பாம்பனிலிருந்து வந்த ரயிலே பயணிகளோடு போயிற்று. அந்த அலைக்கு முன் எந்தச் சேமிப்பும் உதவாது. கஜாவுக்கு முன் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு மாற்றியதால் உயிர்ச்சேதம் குறைந்தது. வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டும், ஆத்தா, சாமானைப் பார்க்கக் கூடாது. யாருடைய காரில் யார் ஏறுவது என்பதும் உங்கள் சேமிப்புப் பட்டியலில் இருக்கட்டும்.

ஆகவே அடுத்த முறை கூடும்போது பிஸ்கட்டையும் டப்பா உணவையும் அவரவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் சொல்லும் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், ஏறக்குறைய 3.8 லிட்டர் தண்ணீர். அதை யார் வீட்டில் எத்தனை நாளுக்கு வைப்பது, ஜெனரேட்டரை எந்த வீட்டுக்கு வெளியே ஓட்டுவது (உள்ளே ஓட்டினால் புகையே உயிரை எடுக்கும்), யார் வீட்டுப் பெரியவருக்கு என்ன மருந்து, யாருடைய காரில் யார் ஏறுவது என்பதை மட்டும் பொதுவில் எழுதுங்கள். ஜூன் 1-ஆம் தேதி பருவம் தொடங்குமுன் எழுதி முடித்து, ஒரு பிரதியை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
உன் அம்மான்
மானகிரி